தலைவர் விலகும் முறை

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ரயில் ஏறிய தம்பதி எனக்கு எதிரே அமர்ந்தார்கள். ஒட்டுக்கேட்பது தவறென்று அறிந்தவன் நான்; ஆகவே செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.

“அமெரிக்காவின்ரை முதல் ஜனாதிபதியே எட்டு வருசத்திலை தானா வீட்டை போனவர்” என்றார் மனைவி. “நீங்கள் ஊர்ச் சங்கத்துக்குப் பதினாறு வருசமாத் தலைவர். இண்டைக்குக் கூட்டத்திலை விலகிறன் எண்டு சொல்லுங்கோ.”

“அவருக்குப் போகப் பெரிய தோட்டம் இருந்தது” என்றார் கணவர். “எனக்குச் செவன் கிங்ஸ் வீட்டிலை உம்மட ரெண்டு தக்காளிச் சாடிதானே?”

“புத்தம் புது அரசாங்கம், அதுவே அவர் இல்லாமல் ஓடினது. எங்கட சங்கம் ஓடாதோ?”

“எங்கை ஓடினது? அவர் போக, ரெண்டு கட்சியாப் பிரிஞ்செல்லோ அடிபட்டவங்கள்!”

“எங்கட சங்கம் நீங்கள் இருக்கேக்கையே மூண்டாப் போச்சுது.”

நான் இறங்க வேண்டிய பிளேஸ்டோ வந்து போயிற்று. அங்கே என்னை யாரும் தேடப்போவதில்லை. கணவர் குரலைத் தாழ்த்தினார்.

“அவரை எல்லாரும் இருங்கோ, இருங்கோ எண்டு கெஞ்சினவை. அதாலை அவருக்கு மரியாதையாப் போக ஏலுமாயிருந்தது. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. எப்பிடிப் போறது?”

மனைவி அவர் பக்கம் திரும்பினார்.

“சரி, கூட்டத்திலை நான் எழும்பி, இருங்கோ எண்டு கேக்கிறன். நீங்கள் உடனை மாட்டன் எண்டு சொல்லோணும்.”

அடுத்த நிலையம் வரும்வரை கணவர் யோசித்தார்.

“ஒருக்காக் கேட்டாக் காணாது. ரெண்டு தரம் கேளும்.”