நொய்யல் ராக்கர்ஸின் ஒன்பதாவது டேக்

ராத்திரி ஒன்றேகால் மணி. வீரபாண்டியிலிருந்து பல்லடம் ரோட்டுக்குப் போகிற குறுக்குப் பாதை. ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கிற சாயப்பட்டறையின் நீளச் சுவர். இன்னொரு பக்கம் வேலிகாத்தான் முள். தெருவிளக்கு நாலில் ஒன்றுதான் எரியும். அந்தப் பாதையில் ஒரே ஒரு பைக்...

ஓட்டி வந்தது முகிலன். நம்ம வகுப்புப் பூங்குழலி இருக்கிறாள் அல்லவா, அவளுடைய சித்தப்பா. அவள் இன்றைக்கு ஊருக்குப் போயிருப்பதால்தான் இதைச் சொல்ல முடிகிறது. இருந்தால் வாயைப் பொத்திவிடுவாள். விளக்கு எரியட்டும். அணைக்க வேண்டாம்.

பைக்கின் பின் சீட்டில் ஒரு பிஸ்கட் டின். கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். பாதி தூரம் வந்ததும் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

டொக்... டொக்... டொக்.

டின் மூடி ஆடுகிறது என்று நினைத்தார். வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். சுற்றிலும் ஒரு பூச்சி கூடக் கத்தவில்லை. கொஞ்ச நேரம்... பிறகு மறுபடியும். டொக். டொக். டொக். அது தகரச் சத்தமே இல்லை. ஈரத்துணி மூட்டையைக் கையால் குத்தினால் வருமே, அந்த மாதிரி. கூடவே பிளீச்சிங் பவுடர் நெடி.

சாயப்பட்டறைச் சுவர் பக்கம் நிற்கிறோம், நெடி வராமல் என்ன செய்யும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அந்தப் பட்டறை மூடிப் பத்து வருஷம் ஆகிறது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

அந்த டின்னில் இருந்தது ஒரு ஸ்பூல் டேப். 1973-இல் பதிவானது. அந்தக் காலத்தில் நம்ம திருப்பூரில் ஒரு ராக் அண்ட் ரோல் குழு இருந்திருக்கிறது. நொய்யல் ராக்கர்ஸ். பனியன் கம்பெனியில் வேலை பார்த்த நாலு பையன்கள். கிடாரும் பாட்டும் சின்னான். டிரம் இசக்கிமுத்து, தெற்கே நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். நாலே பாட்டில் ஒரு இசைத்தட்டு போட்டார்கள். அதோடு சரி.

இப்போது லண்டனில் ஒரு சின்னக் கம்பெனி அதை மறுபடி வெளியிட ஆசைப்பட்டது. பழையபடி நாலு பாட்டு மட்டும் இல்லை, அன்றைக்குப் பதிவான மொத்தமும் வேண்டும். தப்பாக வாசித்து நிறுத்தியது, நடுவில் பேசியது, இருமியது, சிரித்தது எல்லாம். அப்படி விரிவாக்கிய பதிப்புகளைத் தேடி வாங்குகிற ரசிகர்கள் வெளிநாட்டில் நிறையப் பேர். முகிலன் பகலில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். பழைய பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் செய்வது அவருக்குப் பைத்தியம். வேலை அவரிடம் வந்தது.

ஆனால் அவர் இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் லண்டன் இல்லை. செல்லத்தாய்.

செல்லத்தாய் இசக்கிமுத்துவின் மகள். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அந்தப் பதிவு நடந்த அன்றுதான் இசக்கிமுத்து செத்துப்போனார். அப்போது செல்லத்தாய் தன் அம்மா வயிற்றில் ஆறு மாதக் கரு.

"அவரு கொட்டுனது ரிக்கார்டுல இருக்கு தம்பி, கேட்டிருக்கேன். பேசுனதுதான் கேட்டதில்ல. ஒரே ஒரு வார்த்த இருந்தாலும் போதும். எங்கப்பா சத்தம் எப்படி இருக்கும்னு தெரியாமலே எனக்கு அம்பது வயசாயிட்டு" என்று சொல்லியிருக்கிறாள். முகிலன் அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

இசக்கிமுத்து எப்படிச் செத்தார் என்பது ஊருக்கே தெரிந்த கதை. ஸ்டுடியோவுக்குப் போக வசதி இல்லை. வார லீவு நாளில் கம்பெனி குடோனில் வைத்துப் பதிவு செய்தார்கள். டிரம் சத்தம் பாட்டை அமுக்கிவிடும் அல்லவா? அதனால் துணி ரோல்களை நாலு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே அடுக்கி, கூரை மாதிரி மேலேயும் போட்டு, இசக்கிமுத்துவை டிரம்மோடு உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். முந்தின நாள் மழை. பிளீச்சிங் செய்த துணி சரியாகக் காயவில்லை. உள்ளே காற்றும் இல்லை, அந்த நெடி வேறு...

சின்னான் இப்போது வீரபாண்டியில் ஒரு நிட்டிங் கம்பெனிக்கு நைட் வாட்ச்மேன். எழுபத்தாறு வயது. அதனால்தான் முகிலன் அந்த நேரத்தில் போய் டின்னை வாங்கினார். கொடுக்கும்போது கிழவர் சொன்னார்.

"அவன் குச்சியில மூணு தட்டுத் தட்டுனா பாட்டு ஆரம்பம். தட்டுனான், வாசிச்சோம். உள்ள மூச்சு முட்டுதுன்னு எங்களுக்கு எங்க தெரியும் கண்ணு? ரோலத் தாண்டி ஒரு சத்தமும் வெளிய கேக்காதே."

மறுநாள் முகிலன் டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஹெட்போன் மாட்டிக் கேட்டார். பாட்டை ஒவ்வொரு தடவை வாசித்துப் பதிவதும் ஒரு டேக். முதல் எட்டு டேக் வரைக்கும் ஒரே கூத்து. கிண்டல், சிரிப்பு. நடுவில் தூரத்திலிருந்து ஒரு குரல், "லே, தண்ணி கொண்டாங்கலே, தொண்ட காஞ்சு போச்சு." முகிலனுக்குச் சிலிர்த்துவிட்டது. செல்லத்தாய் கேட்ட குரல்.

அடுத்தது ஒன்பதாவது டேக். அதுதான் இசைத்தட்டில் கடைசிப் பாட்டாக வந்தது. கடைசியில் டிரம் மெதுவாகி... மெதுவாகி... நின்றுவிடும். அந்த முடிவுக்காகவே வெளிநாட்டில் கொண்டாடுகிறார்கள்.

அது தொடங்குவதற்கு முன்னால் அதே குரல். அமுங்கி, ஆனால் தெளிவாக.

"சின்னான்... ரோல எறக்குங்கலே. கண்ணு எரியுது. மூச்சு விட முடியல."

மைக்குக்குப் பக்கத்தில் சின்னானின் இளமைக் குரல். "இந்த ஒண்ணு மட்டும் முத்து. டேப்பு தீரப் போவுது."

டேப் இரைச்சல் மட்டும். பிறகு உள்ளேயிருந்து முத்து.

"சரி... வெரசா முடிங்கலே."

டொக். டொக். டொக்.

முகிலன் அன்று சாயங்காலமே வீரபாண்டிக்குப் போனார். கம்பெனி கேட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த சின்னான், இவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"எறக்கி மறுபடி அடுக்கோணும்னா பொழுது போயிரும். டேப்பு அஞ்சு நிமிசந்தான் மீதி" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அதுகூடப் பரவால்ல கண்ணு. பாட்டு முடிஞ்சுது. ரொம்ப நல்லா வந்துருச்சு. அந்தச் சந்தோசத்துல ஒருக்கா போட்டுக் கேட்டோம். கேட்டு முடிச்சுட்டுத்தான் ரோல எறக்குனோம்."

"அந்தப் பேச்ச மட்டும் வெட்டிரு சாமி. நாஞ் சாகறதுக்குள்ள எம்பேரு வெளிய வரும்னு இருக்கறேன், இந்தப் பேரு வேண்டாம். அந்தப் புள்ளைக்கு இது தெரிஞ்சு என்ன ஆவப்போவுது?"

வெட்டக்கூடாது என்றுதான் முகிலன் நினைத்திருக்கிறார். ஆனால் செல்லத்தாய் அந்த வார்த்தைகளைக் கேட்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கேட்டால் வாழ்நாளெல்லாம் அது அவள் காதில் ஓடும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெட்டினார். "அவரு பொண்ணுக்குத் தெரிய வேண்டாமுங்க" என்று தனக்குத் தானே ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாராம். அறையில் வேறு யாரும் இல்லை.

வெட்டிவிட்டு முதலிலிருந்து ஓடவிட்டார். மூன்றாவது டேக்கின் நடுவில், கிடாருக்கு அடியில்... "ரோல எறக்குங்கலே."

அங்கேயும் வெட்டினார். அடுத்த தடவை ஆறாவது டேக்கில் வந்தது. அதையும் வெட்டினார். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. அறைக்குள் பிளீச்சிங் நெடி ஏறிக்கொண்டே போனது. ஏழு இடத்தில் வெட்டிய பிறகுதான் சத்தம் அடங்கியது.

தண்ணீர் கேட்கிற அந்த ஒரு வரியை மட்டும் தனியாக எடுத்துச் செல்லத்தாய்க்கு வாட்ஸப்பில் அனுப்பினார். பதினோரு விநாடி. அவள் போன் செய்து ரொம்ப நேரம் அழுதாள். "இந்தச் சத்தத்தத்தாம்லா எங்கம்மா சொல்லிச் சொல்லி மாய்ஞ்சா. நீங்க நல்லாருக்கணும் தம்பி." முகிலனும் அழுதார். நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தார்.

மூன்றாம் நாள். நல்ல வெயில். மத்தியானம் ஒன்று இருபது. கம்பெனியில் சாப்பாட்டு நேரம், முகிலன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். செல்லத்தாய் போன் செய்தாள்.

"தம்பி, சாப்பிட்டாச்சா?"

"ஆச்சுங்கக்கா. நீங்க?"

"இல்ல. மெஷின் சத்தம் கேக்காம இருக்கட்டும்னு குடோனுக்குள்ள வந்து ரோலுக்கு நடுவுல ஒக்காந்திருக்கேன். அப்பா பேசுனதக் கேக்கதுக்கு." குரல் சாதாரணமாக, சந்தோஷமாகக்கூட இருந்தது. "அது நீளமாகிட்டே போகுதுல்லா? நேத்து நாலு நிமிசம் இருந்துச்சு. இன்னைக்கு அரை மணி நேரம் காட்டுது."

"அக்கா, நான் அனுப்புனது பதினோரு செகண்டுங்க. அத அழிச்சுருங்க. மொதல்ல வெளிய வாங்க."

"இருங்க. அதுல எங்கப்பா ரோல எறக்கச் சொல்லிக் கெஞ்சுதாரு. ஒருத்தர் முடியாதுங்காரு. நானும் யாரோ பழைய ஆளுன்னு நெனச்சேன். கேக்கக் கேக்க... அது ஒங்க சத்தம் தம்பி. 'அவரு பொண்ணுக்குத் தெரிய வேண்டாமுங்க'ன்னு நீங்க சொல்லுதீங்க."

முகிலன் எழுந்து நின்றார்.

"நான் ஒங்கள ஒண்ணும் கோவிக்கல. நீங்க அதச் சொன்னதுனாலதான் அவருக்கே தெரிஞ்சிருக்கு. கொட்டிக்கிட்டு இருந்தவரு நிறுத்திட்டாரு தம்பி. நிறுத்திட்டுக் கேக்காரு... 'எனக்குப் பொண்ணா பொறந்திருக்கு?'"

பிறகு அவள் இவரிடம் பேசவில்லை. "ஆமாப்பா. நாந்தான்" என்றாள்.

போனில் அதுவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்த குடோன் ஃபேன் சத்தம், வெளியே பெண்கள் பேசுகிற சத்தம், எல்லாம் ஒவ்வொன்றாக அமுங்கியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னால் யாரோ ஒரு ரோலைத் தூக்கி வைக்கிற மாதிரி. கடைசியில் மூச்சு மட்டும்... இரண்டு பேருடையது.

முகிலன் செல்லத்தாயின் கம்பெனிக்குப் போன் செய்து ஆளை அனுப்பியிருக்கலாம். அதைத்தான் பூங்குழலியின் வீட்டில் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர் ஒரே பதில்தான் சொல்கிறார். அதற்கு அந்த இணைப்பைத் துண்டிக்க வேண்டுமே? அப்பாவும் மகளும் பேச ஆரம்பித்திருந்தார்கள். எந்த ஊர், என்ன படித்தாய், மாப்பிள்ளை எப்படி, அம்மா கடைசியில் ரொம்பக் கஷ்டப்பட்டாளா என்று ஒவ்வொன்றாக அப்பா கேட்கிறார், அவள் சொல்கிறாள், நடுவில் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். ஏழு தடவை வெட்டியவருக்கு அதை வெட்ட மனசு வரவில்லை. நாலு மணிக்கு ஆட்கள் ரோல்களை இறக்கி, அவளுடைய சில்லிட்ட விரல்களைப் பிரித்து அந்தப் போனை அணைக்கும்வரை மாடிப்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.