வெண்ணீறு இறக்கிய காய்ச்சல்

எனக்குத் தேநீர் வேண்டாம், அம்மா. மாலைப் பூசைக்கு முன் நான் எதுவும் அருந்துவதில்லை. இன்று பூசைக்குப் போக விடமாட்டீர்கள் என்று தெரிந்தும் பழக்கம் போகவில்லை. நடந்ததை முறையாகச் சொல்கிறேன். கேட்டு முடித்தால், ஆய்வாளராகிய உங்களுக்கும் என் பக்கம் விளங்கிவிடும்.

ஆம்பூரில் ஒரு சிறிய சிவாலயத்தில் நான் ஓதுவார். என் மனைவி அமிர்தவள்ளி காலணித் தொழிற்சாலையில் தோல் தைத்தவள். பதிகம் பாடிப் பிணி தீர்த்த அடியார்களின் வரலாற்றைக் கேட்டே வளர்ந்தவன் நான். அவள் தையல் இயந்திரத்தின் ஓசையில் வளர்ந்தவள். நான் பாடும்போது அவள் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். பண் எவ்வளவு உருகினாலும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அவளுக்கு மார்பில் புற்று. வேலூரில் மருந்து ஏற்றினார்கள். முதல் முறை ஏற்றிய பிறகு இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துபோயின. மருத்துவர் என்னைத் தனியே அழைத்துத் தெளிவாகவே சொன்னார்.

"இப்ப அவங்க உடம்புல காவலுக்கு ஆளே இல்லீங்க. சின்னக் கிருமி போதும். சூடு ஏறுதுன்னா, நமக்குத் தெரியிற அடையாளம் அது ஒண்ணுதான். உடனே கூட்டினு வந்துடணும். வீட்டுல காய்ச்சல் மாத்திரை குடுத்து அதை மறைச்சிடாதீங்க."

எனக்கு நன்றாகப் புரிந்தது. அந்த முறை காய்ச்சல் வந்ததும் உடனே அழைத்துப் போனேன். ஊசி போட்டார்கள். நான் கட்டிலருகே அமர்ந்து நாள்தோறும் பாடினேன். அவள் பிழைத்தாள்.

வீடு திரும்பியதும் அவளுடைய பக்கத்து இயந்திரத்துக்காரி நசீமுன்னிசா முகக்கவசத்தோடு வாசலில் நின்று விசாரித்தாள். "இன்னாடி, ஓதுவாரண்ணன் பாட்டுக்குப் பயந்துனு காய்ச்சல் ஓடிடுச்சா?"

"பாட்டா? ஊசி போட்டாங்க, எறங்கிச்சு. இவரு பாடுனதுல பக்கத்துக் கட்டில் அம்மாதான் தூக்கமில்லாம பேஜாராயிட்டாங்க."

இருவரும் நெடுநேரம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாம் முறை மருந்து ஏறிய பின் அவள் எல்லாவற்றுக்கும் அஞ்சினாள். பூசை மாடத்துப் பூக்களை எடுத்துவிடச் சொன்னாள். கோயில் திருநீற்றை நீட்டினால், "எத்தினி பேர் கை பட்டதோ, வேணாங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெண்மை குறைந்த உடம்பு வெண்ணீற்றுக்கு அஞ்சுகிறதே என்று நினைத்தேன். அந்த நினைவுதான் எனக்கு வழி காட்டியது.

ஒரு நண்பகலில் அவளுக்குக் குளிர் கண்டது. கட்டில் சட்டங்கள் நடுங்கும் அளவுக்கு உடம்பு உதறியது. "ஏங்க, சுடுதுங்க. ஆட்டோ கூப்புடுங்க. பயமா இருக்குது" என்றாள்.

"ஒரு பதிகம் கேள். பிறகு போகலாம்."

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினேன். பிரிக்காத பொட்டலத்திலிருந்து புதிய திருநீறு எடுத்துக் கரைத்துக் கொடுத்தேன். தூய்மையில் நான் குறை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பிறகு பாடினேன். கடைசிப் பாட்டை எட்டுமுன் அவளுக்கு வியர்த்தது. வெப்பமானியை அவளே வைத்துப் பார்த்தாள்.

"எறங்கிடுச்சுங்க. நெசமாவே எறங்கிடுச்சு."

என் கையைப் பற்றிக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். எங்கள் இல்வாழ்க்கையில் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தது அன்றுதான். ஆட்டோ வேண்டாம் என்று அவளே சொன்னாள்.

மாலையில் காய்ச்சல் மீண்டும் ஏறியது. மீண்டும் நீறு, மீண்டும் பாட்டு. மறுநாளும் அப்படியே. இப்போது அவளே கேட்டாள்: "பாடுங்க. நிறுத்தாதீங்க. நீங்க நிறுத்துனா என்னமோ மாதிரி இருக்குது." கருவறை முன் இத்தனை ஆண்டுகள் பாடியிருக்கிறேன், நிறுத்தாதே என்று என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை.

அச்சம் எனக்கும் இருந்தது, மறைக்கவில்லை. காய்ச்சல் இறங்குமுன் பதிகம் முடிந்துவிட்டால் என்ன செய்வது என்பதே அந்த அச்சம். அதனால் மெல்லப் பாடினேன், அடிகளை மடக்கி மடக்கிப் பாடினேன். மாத்திரை வேலை செய்யச் சற்று நேரம் பிடிக்கும் அல்லவா.

ஆம், அம்மா, மாத்திரை. மருத்துவர் கொடுக்கக்கூடாது என்றாரே, அதே காய்ச்சல் மாத்திரைதான். மருந்தரைக்கும் கல்வத்தில் இழைத்துவிட்டால் திருநீற்றிலிருந்து பிரித்தறிய முடியாது; இரண்டும் வெண்மை. "இன்னாங்க, கசக்குது" என்றாள் ஒருமுறை. மருந்து ஏறிய நாக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன். ஏமாற்று என்பீர்கள். இறைவன் எத்தனையோ வடிவில் வந்து ஆட்கொண்டிருக்கிறான். இந்த வடிவில் வரக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

மூன்றாம் நாள் காலை வேலைக்குப் புறப்பட்ட நசீமுன்னிசா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணா, இவ இப்பிடிக் கிடக்குறா?"

வெப்பமானியைக் காட்டினேன். காய்ச்சல் இல்லை. அவள் அதை நோக்காமல் உள்ளே வந்து அமிர்தவள்ளியின் கையைத் தொட்டாள்.

"ஜில்லுனு இருக்குதே. நகமெல்லாம் நீலமாயிருக்குது. காய்ச்சல் இல்லன்னா என்னையப் பார்த்து யாரு நீன்னு எதுக்குக் கேக்குறா? எத்தினி நாளாண்ணா இப்பிடி?"

நான் பாடிக்கொண்டிருந்தேன், நடுவில் நிறுத்தலாகாது. அவள் ஓடிப்போய்த் தொழிற்சாலை வேனை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

வேலூர் போகும் வழியில், பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் வண்டிகள் நின்றிருந்தன. அமிர்தவள்ளியின் உதடுகள் அசைந்தன. நசீமுன்னிசா குனிந்து கேட்டுவிட்டு, அழுதுகொண்டே என்னைப் பார்த்தாள். "உங்களைப் பாடச் சொல்றாண்ணா."

பாடினேன். கடைசிப் பாட்டுக்கு வருமுன் அவள் போய்விட்டாள். நான் முழுவதும் பாடி முடித்தேன்.

மாத்திரைத் தூள் ஒட்டியிருந்த கல்வத்தை நசீமுன்னிசாதான் உங்களிடம் கொடுத்தாள் என்று அறிவேன். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. தெரிந்தே செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையொப்பமிடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், அம்மா. உயிர் பிரிந்ததும் அமிர்தவள்ளியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. காய்ச்சல் துளியும் இல்லை. இறுதிவரை பதிகம் பொய்க்கவில்லை.