எல்லைக்கோட்டில் நின்ற என் அக்கா

தலைமை வகிக்கும் சோமசேகரம் ஐயா அவர்களே, எங்கள் சனசமூக நிலையத்தைத் தாங்கி நிற்கும் பெரியோர்களே, வெங்காயத் தோட்டத்தில் குனிந்த முதுகோடு நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மாரே, உரும்பிராய் மண்ணின் இளையோரே, சாருஜா ஆகிய நான் உங்களைக் கைகூப்பி வணங்குகிறேன்.

பெண்கள் நலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். முருங்கைக்கீரையின் பெருமையைச் சொல்லிவிட்டு இறங்குவேன் என்று செயற்குழு நம்பியிருக்கும். மன்னியுங்கள். நான் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைப் பற்றிப் பேசப்போகிறேன். என் அக்கா குணலட்சுமியைப் பற்றிப் பேசப்போகிறேன்.

முன்வரிசை ஐயா, “பிள்ளை, பேரைச் சொல்லாதை” என்கிறார். ஐயா, சொல்லச் சொன்னதே அக்காதான். “பேர் சொல்லாமல் கதைச்சால், வேறை ஆரோ எண்டு நினைச்சுக்கொண்டு வீட்டை போயிடுவினம்” என்றார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் சுகவனிதையர் கிளினிக்கில் அக்காவின் கருப்பைக் கழுத்தைச் சோதித்தார்கள். முடிவு எல்லைக்கோட்டில் நின்றது. நோய் என்றும் இல்லை, சுகம் என்றும் இல்லை. மருத்துவமாது பிரசாந்தி வீடு தேடி வந்தார்.

“அக்கா, இது கான்சர் இல்லை. பப்பிலோமா எண்ட வைரசிலை கனக்க வகை இருக்கு. அநேகமானது தானாப் போயிடும். பதினாறாம் வகை, பதினெட்டாம் வகை மாதிரிச் சிலதுதான் பொல்லாதது. உங்களுக்கு அந்த வகை இருக்கோ எண்டு இன்னொருக்கால் சோதிச்சுப் பாப்பம். இருந்தாலும் இப்பவே வைத்தியம் செய்யலாம்.”

“உந்தக் கிருமி எப்பிடி வாறது?”

உடலுறவால் என்று பிரசாந்தி உண்மையைச் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் கமலாவதி மாமி நின்றார். வேறென்ன வேண்டும்?

பொழுதுபடமுன் கோயில் கிணற்றடியில் கதை தொடங்கிவிட்டது. “உவளின்ரை மனுசன் சுவிசிலை எல்லோ? பிறகெப்பிடி?”

“பார்சலிலை அனுப்பியிருப்பார்.”

சிரிக்கிறீர்கள். அன்றும் இப்படித்தான் சிரித்தீர்கள்.

அந்த வைரசு உடலில் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிக் கிடக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. கல்யாணம் கட்டிய புதிதிலேயே கணவனிடமிருந்து வந்திருக்கலாம். இதையும் பிரசாந்தி சொன்னார். யார் கேட்டோம்? வைத்தியர் சொல்ல முடியாததை எங்கள் கிணற்றடி ஒரே மாலையில் சொல்லி முடித்தது.

அந்தச் சோதனைக்குப் போகச் சொல்லி நான் அக்காவைக் கெஞ்சினேன். “சாரு, சோதிச்சு இல்லையெண்டு வந்தால் ஒருத்தரும் நம்பமாட்டினம். இருக்கெண்டு வந்தால் எல்லாரும் நம்புவினம். நான் ஏன் போவான்?” என்றார்.

போகவில்லை. பதிலாக, கணவனுக்காகக் கேதாரகௌரி விரதம் பிடித்தார். எல்லோரும் காணும்படி கோயிலில் முன்னுக்கு நின்றார். பத்தினி என்று நீங்கள் மெச்சினீர்கள். நீங்கள் மெச்ச மெச்ச உள்ளே நோய் வளர்ந்தது. இரத்தம் நிற்காமல் போனபோதுதான் ஆசுப்பத்திரிக்குத் தூக்கிச் சென்றோம். அந்தப் பதினாறாம் வகைதான். இனி வலியைக் குறைக்கலாம், அவ்வளவுதான் என்கிறார்கள்.

சுகப்படுத்தக்கூடிய நேரத்தில் ஒரு பெண்ணைக் கிளினிக்குக்குப் போகவிடாமல் தடுத்தது எது? வைரசா? வாயா? நோயாளியிடம் கற்புக்குச் சாட்சி கேட்கும் ஊர், என்ன ஊர்?

செவ்வாய்க்கிழமை மறுபடியும் கிளினிக். எல்லைக்கோட்டு முடிவோடு இந்தக் கூட்டத்திலும் சிலர் இருக்கிறீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. வாருங்கள் என்கிறேன். வருவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. போனமுறையும் பிரசாந்தி வெறுங்கதிரைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இந்த விழாவைச் சுவிசிலும் நேரலையில் பார்க்கிறார்களாம். கேதீஸ்வரன் அத்தான், அந்தக் கதை உங்கள் காதுக்கு வந்த நாளிலிருந்து நீங்கள் அக்காவோடு கதைக்கவில்லை. நீங்கள் காசு அனுப்பவேண்டாம். வரவும் வேண்டாம். ஒருக்கால் போன் எடுத்து, “குணா, நான் உன்னை நம்புறன்” எண்டு சொல்லுங்கோ. இரண்டு நாளா அவவாலை கதைக்க ஏலாது, ஆனால் காது கேக்குது. நான் போனைக் காதுக்குக் கிட்டப் பிடிக்கிறன்.

பொறுமையோடு கேட்ட சபைக்கு நன்றி. ஆசுப்பத்திரிக்குப் போகவேண்டும். வணங்கி விடைபெறுகிறேன்.