ஐந்து எண்ணியபின்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மாலை, அம்பத்தூரில் மின்சார ரயிலில் ஏறிய இரண்டு தொழிலாளர்கள் என் எதிரே அமர்ந்தனர். இருவரும் காக்கிச் சீருடையில் இருந்தனர். கண்ணாடி அணிந்தவர் ரொட்டியும் சாத்துக்குடியும் அடங்கிய பையை மடியில் வைத்திருந்தார். வண்டி நகர்ந்ததும் அவரே தொடங்கினார்.

“நாலு மாசமா மூஞ்சிய திருப்பிகினு போனவன், ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணித்தான் என்னாண்ட பேச ஆரம்பிச்சே மச்சான்.”

“எண்ணாம இன்னா பண்றது? அன்னிக்கு கம்பெனில நம்ம ஏழுமலை ஷாக் அடிச்சி மூச்சில்லாம கெடக்கிறான். நெஞ்சை அமுக்கிறவன் வாய்விட்டு எண்ணினாதானே, அஞ்சு முடிஞ்சதும் நீ அவன் வாயில ஊத முடியும்? முதலுதவி கிளாஸ்ல அப்படித்தானே சொல்லிக் குடுத்தாங்க?” என்றார் மீசைக்காரர்.

“அதான் உன் வாயையே பாத்துகினு இருந்தேன்.”

“நான் பயந்துகினு இருந்தேன். சங்கத் தேர்தல் கோவத்துல நீ பாதியில எழுந்து பூடுவியோன்னு.”

“அடப்பாவி! அவன் உசுரு மேலயா நம்ம கோவத்த காட்டுவேன்?”

வண்டி கொரட்டூரைக் கடந்தது. மீசைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனியே, எப்படி கீறான்?”

“கஞ்சி குடிக்கிறான். நெஞ்செலும்பெல்லாம் வலிக்குதாம். எவன்டா இப்படி அமுக்கினதுன்னு திட்றான்.”

“இன்னா சொன்னே?”

“நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான்னு சொன்னேன். நம்பவே மாட்டேன்றான். அதான் உன்னையும் இட்டுகினு போறேன்.”

மீசைக்காரர் அந்தப் பையை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார்.