அத்திப்பள்ளிச் சேர்

நான் யார் பேச்சிலும் தலையிடுகிறவள் இல்லை. ஜூஜுவாடியில் பஸ்ஸுக்கு நின்றபோது, பாதிகூட நிறையாத பொரி மூட்டையோடு ஒருத்தி, "அத்திப்பள்ளிக் கடையில பத்து சேர் கேட்டேன், ஏமாத்திட்டான்க்கா" என்று அழாக்குறையாகச் சொன்னாள்.

அவள்கூட நின்றவள் கேட்டாள்: "நிறுத்துப் போட்டானா, படியில அளந்தானா?"

"அளந்தான். நமக்குச் சேர்னா எடைதானே? எம் பொண்ணு வளகாப்புக்குச் சம்பந்தியம்மா கேட்டது. கொறஞ்சா சபையிலயே ஏசுவாங்க."

"எல்லை தாண்டிட்டா அங்க படிக்கே சேருன்னுதான் பேரு. சம்பந்தி எந்தூரு?"

"ஆனேக்கல்."

"அப்புறம் என்னடி! கன்னடத்து ஊரு. அவங்க கேட்டதும் அந்தச் சேருதான். சரியாத்தான் இருக்கு."

அவள் மூட்டையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"அய்யோ, கடைக்காரனுக்கு நல்லாப் புரியட்டும்னு கன்னடத்துலயே திட்டிட்டு வந்தேனேக்கா!"