ஆறு வருஷம் ஆண்ட ராணி

இல்லீங்க, கூடை என் மடியிலயே இருக்கட்டும். உங்க வெங்காய மூட்டை மேல வச்சா வாசனை ஏறிடும். உள்ள எல்லாம் எழுதின சுருளு. அலெக்சாந்திரியாவுல கிரேக்க ராஜா கேட்டிருக்காரு. மீனு திங்கிறதா? ஐயோ, நாங்க தொடக்கூடாதுங்க. புருவத்தக்கூட மழிச்சிருக்கேனே, பாத்தாலே தெரியலையா, பூசாரின்னு? பெத்தேயிசின்னு பேரு.

ஆடாம உக்காருன்னு படகுக்காரன் மூணு தடவ கத்திட்டான். கொஞ்சம் தள்ளிக்கங்க, கால நீட்டிக்கிறேன். ப்ச், வேணாம், மடக்கியே வச்சுக்கிறேன்.

என்ன எழுதிருக்கேன்னா, நம்ம சாமிங்க கதை, நம்ம ராஜாங்க வரிசை. யாருக்கப்புறம் யாரு, எத்தன வருஷம் ஆண்டாங்கன்னு. பதினோரு வருஷம் கோயில் செவுரு செவுரா நின்னு பாத்து எழுதினதுங்க. ஒரு பேரு பொய்யின்னு தெரிஞ்சா போதும், மத்த கோயில் பூசாரிங்க நாறடிச்சிடுவானுங்க. மொத்தமும் அடுப்புக்குத்தான் போகும்.

ஆமாங்க, பொய் இருக்கு. ஒண்ணே ஒண்ணு. தெரிஞ்சேதான் எழுதினேன். அந்தச் சுருள உருவி ஆத்துல விட்டுடலாமான்னு காலைலருந்து கை துறுதுறுங்குது.

எங்க கோயில் செவுத்துல ஒரு எடத்துல உப்பு பூத்து பேரு உதிர்ந்து போச்சு. ஆண்ட வருஷம் மட்டும் நிக்குது. ஆறு. பேரு தெரியலன்னு எழுதிட்டு அடுத்த ராஜாவுக்குப் போக வேண்டியதுதான? போக முடியலங்க. நானே ஒரு பேரப் போட்டுட்டேன். ராணி தமீத், ஆறு வருஷம்.

பாருங்க, நீங்களே சிரிக்கிறீங்க! ராணிக்கு எவனாச்சும் தமீத்னு, பூனைன்னு பேரு வைப்பானா? கிரேக்கனுக்குப் புரியாது. நம்மாளு ஒருத்தன் படிச்சான்னா மாட்டினேன். செத்தப்புறம் நெஞ்ச தராசுல வச்சு நிறுப்பாங்களே, அங்கயும் மாட்டினேன். பயமாதாங்க இருக்கு.

எங்க பொண்ணுக்கு எம்பொஞ்சாதி வச்ச பேருங்க அது. பொறந்தப்ப அழவே மாட்டா, மியாவ்னு முனகுவா. காச்சல்ல போறப்ப ஆறு வயசு. குழி மேல பேரு வெட்டின கல்லையும் அடுத்த வெள்ளத்துல நைல் இழுத்துட்டுப் போயிடுச்சு. செத்தவங்க பேரு எங்கயுமே இல்லன்னா அந்தப் பக்கமும் ஆளு இல்லாம போயிடும்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நான்தான்.

ஓ, துறை வந்துடுச்சா? இந்தாங்க, கூடையக் கொஞ்சம் புடிங்க, நான் எறங்கி வாங்கிக்கிறேன். பாத்துங்க, பாத்து! தண்ணில நழுவ விட்டுடாதீங்க, புள்ள உள்ள இருக்கா.