கூண்டு ஏறிய வண்டி

– ஆகாதும்மா. இந்த வண்டி தாங்காது.

– ஏன் ஊர்க்காவலண்ணே? ஆர்.சி. புக்க வச்சு கணக்குப் பாத்துட்டேனே. லோடோட சேத்து மூவாயிரம் கிலோ வரைக்கும் போகலாம். வெறும் வண்டி ஆயிரத்து அறுநூத்தித் தொண்ணூறு. மிச்சம் ஆயிரத்து முன்னூத்திப் பத்து. காது டெஸ்ட் எடுக்கிற என் கூண்டு ஆயிரத்து நூத்தி நாப்பதுதான்.

– கூண்ட எப்ப எடை போட்டீக?

– போன வாரம். எடை மேடைச் சீட்டு இந்தா இருக்கு.

– அப்ப கைப்பிடியச் சுத்தி ஏத்தி எறக்குற இந்த நாலு இரும்புக் காலும் மாட்டியிருந்துச்சா?

– ... இல்ல.

– காலு ஒண்ணு பதினஞ்சு கிலோ. அறுபது ஆச்சா? உள்ள பேட்டரி, இன்வெர்ட்டரு?

– அது... அது ஒரு அறுபது வரும்.

– பெறகு நாம?

– நாமளா?

– நீங்க, நானு, ஒத்தாசைக்கு வர்ற சுப்புலட்சுமி. மூணு பேரும் நூத்தித் தொண்ணூறு இருப்போம். நம்மள என்ன காத்துலயா தூக்கிட்டுப் போகும்? நாமளும் லோடுதான டாக்டரம்மா.

– டாக்டர் இல்லண்ணே. காது கேக்குதான்னு டெஸ்ட் எடுக்கிறவ. அனுப்பிரியான்னே கூப்பிடுங்க.

– வெள்ளைக் கோட்டு போட்டா எங்களுக்கு டாக்டரம்மாதான். கூட்டிப் பாருங்க.

– ஆயிரத்து நானூத்தி அம்பது... அய்யய்யோ! நூத்தி நாப்பது கூடுதலு.

– அதான் சொல்லுதேன். இந்தப் பட்டறை வாசல்லயே ரெண்டு டன்னு தூக்குற வண்டி மூணு நிக்கி. அதுல ஒண்ணப் பிடிச்சிருந்தா இந்தத் தலைவலியே இல்ல. எதுக்கும்மா என் வண்டியப் பிடிச்சீக?

– உங்க வண்டிதான் வேணும்.

– அதான் ஏன்னு கேக்கேன்.

– இப்ப இத எப்படிச் சரி பண்ணுறதுன்னு சொல்லுங்கண்ணே. திங்கக்கிழமை வெம்பக்கோட்டையில முகாமு. அறுபது பேரு பேர் குடுத்திருக்காங்க. எல்லாம் பட்டாசு செய்யிற பயர் ஆபீஸ் ஆளுங்க. ஒருநாள் கூலிய விட்டுட்டு டவுனுக்கு வரமாட்டாங்க. நாமதான் போகணும்.

– சரி... கூண்ட கொஞ்சம் எளைக்க வைக்க முடியாதா? செவுரு ஒரு சாண் தடிமன் இருக்கு. நடுவுல என்னத்தப் போட்டு அடைச்சிருக்கீக?

– அதுல மட்டும் கை வைக்கக் கூடாது. வெளிச் சத்தம் உள்ள போச்சுன்னா டெஸ்ட்டே பொய்யாயிரும்.

– அப்ப பேட்டரிய எறக்குங்க.

– கரண்டுக்கு?

– முகாமு எங்க? பஞ்சாயத்து ஆபீஸ்ல. அங்கன பிளக்கு இருக்கும்ல? வயர் இழுத்துக்கிடலாம். அறுபது போச்சு. சுப்புலட்சுமிக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியுமா?

– நல்லா ஓட்டுவா.

– அது தனியா வரட்டும். இன்னொரு அறுபது. பெறகு என் வண்டியோட பின் கதவு. கூண்டு ஏறினா அது எதுக்கு? களத்தி வீட்டுல போட்டுருதேன். நாப்பத்தஞ்சு.

– நூத்தி அறுபத்தஞ்சு! அண்ணே, இருபத்தஞ்சு கிலோ மிச்சமே வருது.

– தண்ணி கேன் ஒண்ணு ஏத்திக்கிடலாம். ஆனா இன்னும் முடியல.

– இன்னும் என்ன?

– எடை சரி. அது எங்கன உக்காருதுன்னு பாக்கணும்ல? கதவுப் பக்கத்துக் காலு ரெண்டையும் சுத்திப் பாத்தேன், கை வலிக்கி. அந்தக் கடைசிக் காலு ரெண்டும் தண்ணிக் குழா மாதிரி லேசாச் சுத்துது.

– அங்கதான் ரெண்டு இரும்புக் கதவு இருக்கு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு.

– அந்தக் கனம் பின் டயருக்கு வெளிய தொங்கிச்சுன்னா, பாலம் ஏறையில மூக்குத் தூக்கும். ஸ்டேரிங்கு பேச்சு கேக்காது. திருப்பி ஏத்துவோம். கதவு டிரைவர் முதுகப் பாத்து இருக்கட்டும்.

– கதவ அடைச்சு நின்னா ஆளு எப்படி உள்ள...

– வண்டி மேல வச்சா டெஸ்ட் எடுப்பீக? கால ஊனி, வண்டிய அடியில இருந்து உருவின பெறகுதான? என்னம்மா அப்படிப் பாக்கீக?

– கூண்டு செஞ்ச கம்பெனிக்காரங்க ரெண்டு மாசம் படம் போட்டாங்கண்ணே. ஒருத்தருக்கும் இது தோணல. நீங்க ஒரு கைப்பிடியச் சுத்திப் பாத்து...

– பதினெட்டு வருசம் வெடிப்பெட்டி ஏத்துறேன்ல. பொறுங்க, ரிவர்ஸ் எடுத்து அடியில விடுதேன். தள்ளி நில்லுங்க.

– மெதுவா... மெதுவா... இன்னும் ஒரு சாண்... போதும்! காலத் தூக்கவா?

– நான் தூக்குதேன். ம்... ம்... வண்டியப் பாருங்க.

– ஸ்பிரிங் பட்டை அளவாத்தான் அமுங்கியிருக்கு. மூக்கும் தூக்கல. அம்புட்டுப் பெரிய கூண்டு, வண்டியோட பொறந்தது மாதிரி உக்காந்துருச்சே அண்ணே!

– எனக்கே நம்ப முடியல. சரி, திரும்ப ஊனிட்டு வண்டிய எடுத்துருவோமா?

– எடுங்க. எடுத்துட்டு ஒருதடவ உள்ள போய் உக்காருங்க.

– நானா? எனக்கு என்னத்துக்கு?

– ஏத்தி எறக்கினதுல எங்கயாச்சும் விரிசல் விட்டிருந்தா சத்தம் உள்ள வரும். ஒரு ஆளு உக்காந்து சொல்லணும்.

– கோட்டைச்சாமியக் கூப்பிடுவோமே. அவன் பட்டறைதான...

– அவரு சம்மட்டி அடிக்கட்டும். அந்தச் சத்தம் கேக்குதான்னுதான் பாக்கணும். ஏறுங்கண்ணே.

– சரி... எவ்வளவு நேரம்?

– ரெண்டே நிமிசம். கதவச் சாத்துறேன். நான் மைக்குல பேசுவேன், உள்ள கேக்கும்.

– ம்.

– அண்ணே, சம்மட்டிச் சத்தம் வருதா? அண்ணே?

– யம்மா...

– என்னாச்சு? தொறக்கவா?

– வேண்டாம். தொறக்காதீக. ஊரையே யாரோ அணைச்சு விட்டது மாதிரி இருக்கு. தொம்மு தொம்முன்னு... நெஞ்சுதான அது?

– ஆமா, உங்க நெஞ்சுதான்.

– எச்சி முழுங்குறது கேக்கு. சட்டை உரசுறது கேக்கு. இத்தன வருசம் இது எல்லாம் எங்கிட்டயா இருந்துச்சு? ஆனா மிசின ஒண்ண அணைக்காம விட்டுட்டீக.

– மிசினா?

– கீய்ய்ங்னு ஓடுதே. சில்வண்டு கத்துறாப்புல.

– உள்ள ஒண்ணும் ஓடலண்ணே. எல்லாத்தையும் அணைச்சிருக்கேன்.

– இல்லையே... இந்தச் சத்தம் வெளியவும் கேக்குமே. எங்க நாரணாபுரத்துலயும் ராத்திரி கேக்கும். வயக்காட்டுப் பூச்சின்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்... அப்ப இது...

– அது உங்க காதுக்குள்ளண்ணே. பயப்படாதீங்க. நெறையப் பேருக்கு இருக்கு. அந்த ஹெட்போன மாட்டுங்க, செவப்பு வலது பக்கம். கையில பட்டன் இருக்கா? சத்தம் கேட்டா அமுக்கணும்.

– டெஸ்ட்டா? கூண்டத்தான பாக்கணும்னீக?

– மிசினும் சரியா இருக்கான்னு பாத்துருவோம். இது வலது காது... ம்... நல்லா அமுக்குறீங்க... சின்னச் சத்தங்கூடக் கேக்குதே. இப்ப எடது காது.

– கேக்கு... கேக்கு... இப்பவும் கேக்கு.

– அண்ணே.

– சொல்லுங்க.

– நான் இன்னும் சத்தமே குடுக்கல.

– ஹெட்போனக் களத்திட்டேன்மா.

– கதவத் தொறந்துட்டேன். வெளிய வாங்க. இந்தத் தண்ணியக் குடிங்க.

– வேற வண்டி பாத்துக்கிடுங்கம்மா.

– எப்ப இருந்துண்ணே?

– பத்தொம்பது வருசம். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பயர் ஆபீஸ்ல இருந்தேன். வெடி மருந்து ரூம்பு வெடிச்சுப் போச்சு. நான் தள்ளி நின்னேன். ஒரு கீறல் இல்ல. எடது காதுல மட்டும் யாரோ பஞ்சு வச்சு அடைச்சது மாதிரி ஆயிருச்சு.

– யார்கிட்டயும் சொல்லலையா?

– எப்படிச் சொல்ல? கூட நின்ன ஆறு பேரு போயிட்டாக. நான் முழுசா வந்தேன்னு எம் பொண்டாட்டி மாடத்தி, கோயில்ல பொங்கல் வச்சா. அந்த வீட்டுக்காரவுக எல்லாம் அளுதுட்டு நிக்காக. நான் போய், எனக்குக் காது கேக்கலைன்னு சொல்லவா? வாய் வரல. அடுத்த வருசம் வண்டி ஓட்ட வந்துட்டேன்.

– அந்தப் பூச்சிச் சத்தமும் அன்னையில இருந்துதானா?

– அப்படித்தான் இருக்கும். நான் ஒரு முட்டாப்பய, பூச்சின்னு நெனச்சுட்டு... ஒரு வெடிச் சத்தம் இம்புட்டு வருசம் மனுசனுக்குள்ள கெடக்குமாம்மா?

– கெடக்கும்ணே. அதத்தான் ஊர் ஊராப் போய் டெஸ்ட் பண்ணி எழுதி எடுக்கப் போறோம். உங்க எடது காது நரம்புல இன்னும் எம்புட்டு மிச்சம் இருக்குன்னு பாக்கணும். காதுல மாட்டுற மிசின் வச்சா கொஞ்சம் கேக்க வாய்ப்பு இருக்கு. சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா பாத்துருவோம். வண்டியும் நீங்கதான் ஓட்டணும்.

– ஒத்தக் காதுக்காரன நம்பியா?

– உங்களத்தான் நம்புறேன்.

– ... வாரேன். ஆனா ஒண்ணு. கெஞ்சிக் கேக்கேன் டாக்டரம்மா, வீட்டுல மட்டும் சொல்லிராதீக. மாடத்திக்கு இது தெரியவே கூடாது. இம்புட்டு வருசமா அவ கண்டுபிடிக்கல.

– போன மாசம் ஒருநாள் மத்தியானம் வேலைக்கு லீவு போட்டுட்டு மாடத்தி அக்கா எங்கிட்ட வந்தாங்கண்ணே. “பத்தொம்பது வருசமா நான் அவருக்கு வலது பக்கமாத்தான் படுக்கேன். ஆஸ்பத்திரின்னா வரமாட்டாரு. வண்டிக்கு லோடு இருக்குன்னு கூப்பிடுங்க, வந்துருவாரு”ன்னாங்க.